ஒலீட்டா ஸ்டிடம் போட்ட ஒரு வாக்கு

மழை பிடித்துக்கொண்டால் ஒலீட்டா ஸ்டிடமுக்கு வேலையில் மனம் நிற்காது. அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில், லாரல் ஓடைத் தொடக்கப்பள்ளியின் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு பீன்ஸும் சோளரொட்டியும் செய்துகொண்டிருப்பாள். கை கரண்டியில் இருக்கும், கண் பின்பக்கச் சன்னலில் இருக்கும். சன்னலுக்கு வெளியே மலை. மலை இடுக்கில், பள்ளிக்கூடத்துக்கு நேர் மேலே, நிலக்கரி கழுவிய கறுப்புத் தண்ணீரைத் தேக்கிவைத்த அணை. சுரங்கக் கம்பெனி கட்டியது. கல்லோ சிமெண்டோ கிடையாது. சுரங்கத்தில் கழித்துப்போட்ட கழிவையும் மண்ணையும் குவித்துக் குவித்து எழுப்பியது. ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்துகொண்டே போனது.

எண்பத்தொன்றாம் வருடம் வசந்தத்தில் நான்கு நாள் விடாமல் மழை. தலைமையாசிரியர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அணையைப் பார்த்துவிட்டுப் போக வந்த கம்பெனி எஞ்சினியர் ஒரு காப்பி குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தான். இளைஞன், நல்ல மாதிரி. அணை நிற்குமா என்று ஒலீட்டா நேராகவே கேட்டாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அணையோட அடியில ஒரு குழாய்லேருந்து தண்ணி கசியும். அது தெளிவா வந்தா பயமில்ல. கலங்கலா வந்தா என்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்காதீங்கம்மா. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க."

அன்றிலிருந்து அவள் காரில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. மழை விட்ட மறுகாலை, வேலைக்குப் போகும் முன், அணையடிக்கு ஏறிப் போவாள். குழாய்த் தண்ணீரை ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தெளிவாக இருக்கும். மனம் தெளியாது. ஜாடியில் மிதக்கும் ஒரு துரும்பு மண்ணா, இலையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கம்பெனிக்கு எழுதினாள், மாநில அலுவலகங்களுக்கு எழுதினாள். அப்போதைய சட்டமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தாள். தேர்தல் முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவர். போன தேர்தலுக்கு முன்பும் அதையே சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து கணவன் டென்வரிடம் புலம்பினாள். டென்வர் இருபத்திரண்டு வருடம் நிலத்தடியில் கரி வெட்டியவன். நுரையீரலில் தூசி ஏறி வேலையை விட்டவன். அவன் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தான்.

"அந்த ஆளை மாத்தணும்னா அந்த நாற்காலியில யாராச்சும் உக்காரணும். இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேருக்கு நீ சோறு போட்டிருக்க. கேட்டுப் பாரு."

அவள் கேட்டாள். டென்வர் காரை ஓட்ட, ஓடை ஓடையாக, வீடு வீடாக ஏறி இறங்கினாள். மேடையில் நின்று பேசத் தெரியாது. வாசலில் நின்று பேசத் தெரியும். எப்போதும் ஒரே கட்சி ஜெயிக்கும் அந்த மலைப்பகுதியில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் தேர்தல்தான் உண்மையான தேர்தல். நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு. மே மாதம் நூற்றுச்சொச்சம் வாக்கில் ஜெயித்தாள். முப்பத்தெட்டு வயதில், பள்ளிச் சமையல்காரி ஒலீட்டா ஸ்டிடம் கென்டக்கி மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குப் போனாள்.

கூட்டம் ஜனவரியில் தொடங்கி வசந்தத்தில் முடியும். மூன்று மணி நேரம் கார் ஓட்டி மாநிலத் தலைநகரான ஃப்ராங்ஃபர்ட்டுக்குப் போய், வாரம் முழுக்க ஒரு மோட்டலில் தங்கி, வெள்ளிக்கிழமை வீடு திரும்புவாள். மற்ற மாதங்களில் அவளுடைய சமையலறைதான் அலுவலகம். தூசி நோய்க்கு உதவித்தொகை மறுக்கப்பட்டவன் வருவான். வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது என்று ஓடைக்கு அந்தப்புறத்து ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் அவள் "ஒலீட்டா அத்தை". அந்த மலைகளில் உறவில்லாத பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்தவனுக்கு முதலில் ஒரு தட்டு சாப்பாடு, பிறகுதான் காகிதம். அவன் கண்முன்னாலேயே போனைச் சுழற்றி அதிகாரியைப் பிடிப்பாள். பதில் கிடைக்கும்வரை வைக்கமாட்டாள்.

ஆனால் அவள் எதற்காகப் போனாளோ அது நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளியை வேறிடத்துக்கு மாற்ற ஒரு மசோதா கொண்டுவருவாள். ஒவ்வொரு முறையும் அது ஏதாவது ஒரு குழுவின் மேசையில் படுத்து, அங்கேயே செத்துப்போகும். அணை ஆய்வுகளில் தேறியிருக்கிறது என்பார்கள். பணம் இல்லை என்பார்கள். பதின்மூன்று வருடம். ஃப்ராங்ஃபர்ட்டில் மழை பெய்தால் அவையின் நடுவிலிருந்து எழுந்து போய் வீட்டுக்குப் போன் போடுவாள். டென்வர் ஜாடியை எடுத்துக்கொண்டு அணைக்குப் போவான். மூச்சு வாங்கி அவனால் ஏற முடியாமல் போனபோது, அவளுடைய தம்பி ரான்சம் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். ரான்சமும் சுரங்கத்தில்தான் இருந்தான். சுரங்கத்திலிருந்து வரும் வழியில் ஏறிப் பார்த்துவிட்டு, "தெளிவா இருக்குக்கா, போய் உன் சட்டத்தைப் பண்ணு" என்று மோட்டலுக்குச் செய்தி சொல்வான். மற்ற உறுப்பினர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஜாடிக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. வருத்தமில்லை. ஜாடி கலங்கிவிடுமோ என்பது ஒன்றே அவள் கவலை.

தொண்ணூற்றாறாம் வருடம் மார்ச் மாதம் நிதிக்குழுத் தலைவர் எல்வுட் ப்ராக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாநிலத்தின் மேற்கே புகையிலை விளையும் பகுதிக்காரர், மென்மையாகப் பேசுவார். கதவைச் சாத்திவிட்டு ஒரு பக்கத்தை அவள் முன் நகர்த்தினார். அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், லாரல் ஓடைக்குப் புதிய பள்ளிக்கூடம், மேட்டு நிலத்தில். ஒலீட்டா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அடுத்த பக்கத்தையும் நகர்த்தினார். மாநிலச் சுரங்க ஆய்வாளர்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை போகும்.

அவளும் உறுப்பினராக இருந்த அந்தக் குழுவில் வாக்குகள் சரிபாதியாக நின்றன. அவள் எந்தப் பக்கம் கை தூக்குகிறாளோ அந்தப் பக்கம் முடிவாகும்.

"ரெண்டையும் பிரிச்சுக் குடுங்க சேர்மன்" என்றாள். "ஒண்ணுக்குக் கை தூக்குறேன். இன்னொண்ணை எதிர்க்கிறேன்."

"பிரிச்சா ரெண்டுமே நிக்காது மிஸஸ் ஸ்டிடம். கரிக்காரங்க ஓட்டு எனக்கு வேணும். அவங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாகணும்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஓட்டு."

அன்று சாயங்காலம் மோட்டல் அறையிலிருந்து டென்வருக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரெண்டுல எதுக்குப் பயப்படணும், நீ சொல்லு" என்றாள்.

"சுரங்கத்துக்குப் போறவன் தெரிஞ்சுதான் போறான், ஒலீட்டா. அந்தப் பிள்ளைங்க தெரிஞ்சா போகுதுங்க?"

"அப்போ கையைத் தூக்கவா?"

"தூக்கு. ஆனா ரான்சம்கிட்ட நீயே சொல்லு. வேற யாரும் சொல்லி அவன் கேக்கக்கூடாது."

மறுநாள் பத்து மணிக்குக் கையைத் தூக்கினாள். ப்ராக்டர் மேசையைத் தட்டினார், அவ்வளவுதான், முடிந்தது. தூக்கிய கை சாயங்காலம்வரை குளிர்ந்தே கிடந்தது என்று பின்னாளில் ஒரு முறை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியிலேயே ரான்சம் வீட்டில் இறங்கினாள். அவன் கொட்டகையில் காரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, ஆய்வாளர் வருகிறார் என்றால்தான் மேஸ்திரி சுரங்கக் கூரைக்குப் போதுமான முட்டு வைக்கச் சொல்வான், இனி எப்போது வருவாரோ என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, ஸ்கூல் வந்ததே பெரிய விஷயம் என்று முடித்துக்கொண்டான். அவன் கோபித்திருந்தால் அவளுக்கு மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

புதிய பள்ளி தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் திறந்தது. அவளை நாடா வெட்டச் சொன்னார்கள். கூட்டத்தில் கார்லீன் டாக்கெட் என்ற இளம்பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கணவன் வெர்லின், ரான்சம் வேலைபார்த்த அதே சுரங்கத்தில், அதே குழுவில் இருந்தான். "ஒலீட்டா அத்தை, இனிமே மழை பெஞ்சா நான் பிள்ளையை வீட்டுல வெச்சுக்க வேண்டியதில்ல" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒலீட்டா சிரித்தாள். அன்று பிற்பகல் வீட்டுக்கு வந்து ரான்சமுக்குப் போன் போட்டு, ஆய்வாளர் வந்தாரா என்று கேட்டாள். வரவில்லை. அடுத்த மாதமும் கேட்டாள். வரவில்லை. மழைக்குப் பயந்தவள் இப்போது வானம் தெளிந்த நாளிலும் பயந்தாள். அணைக்கு ஒரு ஜாடி இருந்தது. மண்ணுக்கடியில் இருக்கும் கூரையை எதில் பிடித்துப் பார்ப்பது? சுரங்க ஆய்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். ஆட்கள் குறைவு, முறைப்படி வருவார்கள் என்று பதில் வந்தது. ஆட்களை யார் குறைத்தது என்று அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அவள் வீட்டுச் சமையலறைப் போன் அடித்தது. அப்போதெல்லாம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் சட்டமன்றக் கூட்டம்; அந்த ஆண்டு இல்லை. சுரங்கத்தில் கூரை விழுந்துவிட்டது. உள்ளே ஐந்து பேர்.

சுரங்க வாயிலுக்கு அருகிலிருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குடும்பங்களை உட்காரவைத்திருந்தார்கள். ஒலீட்டா உள்ளே நுழைந்தபோது ஒதுங்கி இடம்விட்டார்கள். டென்வர் நடக்க முடியாமல் காரிலேயே இருந்தான். யாரோ ஒரு பாட்டை வரி வரியாக எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் இழுத்துப் பாடினார்கள். நடுவில் பாட்டு நின்றுபோகும், கதவை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் வரமாட்டார்கள், மறுபடி பாட்டு தொடங்கும். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. கார்லீன் இரண்டு பெஞ்சுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒலீட்டா அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தம்பி பிழைக்க வேண்டும் என்று வேண்டினாள். அப்படி வேண்டியதும், அது இன்னொருவனை விட்டுவிடச் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்து, ஐந்து பேரையும் பெயர் சொல்லிச் சொல்லி வேண்டினாள்.

மூன்றேகாலுக்குக் கம்பெனி ஆள் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். நான்கு பேர் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள் என்றான். பெயர்களைப் படித்தான். இரண்டாவது பெயர் ரான்சம். நான்காவது பெயர் வரும்வரை கார்லீன் திரும்பவில்லை. நான்காவது பெயரும் வெர்லின் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் கார்லீன் வந்தாள். ஒலீட்டா வழக்கம்போல் தட்டை எடுக்கப் போனாள். கார்லீன் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"எட்டு மாசமா ஆய்வாளர் வரலையாம். ரான்சம் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் வரலைன்னும் தெரியுமா?"

"ஆட்களைக் குறைச்சோம். ஸ்கூல் கட்டுற அதே திட்டத்துல. குழுவுல என் ஓட்டுலதான் அது நிறைவேறுச்சு."

கார்லீன் கத்துவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. ஆய்வாளர் வந்திருந்தால் வெர்லின் இருந்திருப்பானா என்று கேட்டாள். ஒலீட்டா தெரியாது என்றாள். உண்மை அதுதான். விசாரணை அறிக்கையிலும் அதைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

"அந்த அணை உடைஞ்சிருக்குமா?"

"அதுவும் தெரியாதும்மா."

"எதுவும் தெரியாமலேயே ஓட்டுப் போட்டீங்க" என்றாள் கார்லீன். கதவைச் சாத்தாமலே போய்விட்டாள். அத்தை என்ற சொல் அதன்பிறகு அவள் வாயில் வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் கட்சித் தேர்தல் வந்தபோது, எதிர்த்து நின்றது கார்லீன். ஒலீட்டாவின் வழக்கமான ஆட்கள் அவளைப் பற்றி என்னென்னவோ பேசத் தயாராக இருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் தன் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று ஒலீட்டா சொல்லிவிட்டாள். விலகிவிடலாமா என்றும் யோசித்தாள். டென்வர் சம்மதிக்கவில்லை. "செஞ்சதைச் சரிபண்ணாம எங்க ஓடுற? அந்தப் பொண்ணு அங்க போய்க் கதவைக் கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும். உனக்குக் கதவு தெரியும்" என்றான். அவனுக்கு அப்போது ஆக்ஸிஜன் குழாய் மூக்கிலேயே இருந்தது. அந்தத் தேர்தலின்போது அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வாக்கு எண்ணிக்கையன்று மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில், இரண்டு பெண்களும் எதிரெதிர் சுவரோரம் நின்றார்கள். அறுபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஒலீட்டா ஜெயித்தாள். அவள் சொந்த வாக்குச்சாவடியான லாரல் ஓடையில் தோற்றிருந்தாள்.

ஜெயித்த மறுநாளே கார்லீன் வீட்டுக்குப் போனாள். ஆய்வாளர்களைத் திரும்பக் கொண்டுவர மசோதா எழுதப்போவதாகவும், குழுவின் முன் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். கார்லீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வரேன். உங்களுக்காக இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஒலீட்டா.

இப்படித்தான் அந்த விநோதமான பயணங்கள் தொடங்கின. கூட்டம் கூடும் ஒவ்வொரு முறையும், மூன்று மணி நேரம், ஒரே காரில், இரண்டு பேர். முதல் ஆண்டு போகவரப் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழுவின் முன் கார்லீன் உட்கார்ந்து, அன்று காலை வெர்லின் சாப்பாட்டு டப்பாவில் என்ன எடுத்துப்போனான் என்பதிலிருந்து சொன்னாள். உறுப்பினர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்; மசோதாவை எடுக்கவில்லை. ப்ராக்டர் அதற்குள் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில் வந்தவருக்கு ஆய்வாளர்கள் என்றாலே வீண் செலவு. இரண்டாம் முறை அவையின் கடைசி நாளில் நேரம் முடிந்து போயிற்று. மூன்றாம் முறை மேலவையில் விழுந்தது.

அந்த மூன்றாம் முறை திரும்பும்போது பனி. மலைச் சரிவில் கார் இரண்டு முறை வழுக்கியது. ஒலீட்டா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டுவதைக் கார்லீன் பார்த்தாள்.

"நிறுத்துங்க. நான் ஓட்டுறேன்" என்றாள். இடம் மாறி உட்கார்ந்து ரொம்ப தூரம் போனபின், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "உங்களுக்குத் தூக்கம் வருதா, ராத்திரியில?"

"சரியா வரதில்ல."

"எனக்கும் வரதில்ல" என்றாள் கார்லீன். அதைவிட அதிகமாக அவர்கள் அதைப் பற்றி எப்போதும் பேசவில்லை.

இரண்டாயிரத்து நாலு நவம்பரில் டென்வர் இறந்துபோனான். கூட்டம் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. இந்த முறை அவள் போகவேண்டாம் என்று ரான்சம் சொன்னான். அவள் போனாள். அந்தக் கூட்டத்திலும் முடியவில்லை. இரண்டாயிரத்து ஆறில், இன்னொரு பள்ளத்தாக்கில் இன்னொரு சுரங்கத்தில் விபத்து நடந்து செய்தித்தாள்கள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்த மாதத்தில், மசோதா கீழவையில் தேறியது. மேலவையில் வாக்கெடுக்கும் நாளில் ஒலீட்டாவும் கார்லீனும் பார்வையாளர் மாடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒலீட்டா ஒரு காகிதத்தில் கோடு போட்டாள். பாதியில் கோடு போட முடியாமல் பேனாவைக் கார்லீனிடம் கொடுத்துவிட்டாள். மூன்று வாக்கு அதிகம். குறைத்த ஆய்வாளர்கள் அத்தனை பேரும் திரும்ப வந்தார்கள். அதற்கு மேல் நான்கு பேர்.

கவர்னர் கையெழுத்திடும்போது படம் எடுத்தார்கள். கார்லீன் படத்தில் நிற்க வரவில்லை. கீழே காரில் காத்திருந்தாள். ஒலீட்டா படத்தின் ஓரத்தில் இருக்கிறாள். மகிழ்ச்சியாக இருப்பதாகத் தெரியவில்லை. எதையோ கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவள்போல் இருக்கிறாள்.

இரண்டாயிரத்துப் பத்தில், இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு, அவள் மறுபடி நிற்கவில்லை. விடைகொடுத்த நாளில் அவையில் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் பேசினாள். நான் ஒரு அணை உடையும் என்று பயந்து வந்தேன், அது உடையவில்லை, நான் அதைத் தடுத்தேனா, சும்மா பயந்தேனா, எனக்குத் தெரியாது, அதற்காக நான் கொடுத்தது என்னுடையது இல்லை, அதை மட்டும் எனக்குத் தெரியும் என்றாள். உட்கார்ந்துவிட்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தட்டினார்கள்.

அணை உண்மையிலேயே உடையவில்லை. அவள் வீடு திரும்பிய மூன்றாம் ஆண்டு கம்பெனி அதன் தண்ணீரை வடித்து, மண் மூடி, புல் விதைத்தது. இப்போது அங்கே மான் மேய்கிறது. கீழே இருந்த பழைய பள்ளியை மாவட்டச் சாலைத் துறை உப்பும் சரளையும் கொட்டிவைக்க எடுத்துக்கொண்டது. தேவையில்லாத பள்ளிக்கூடத்துக்காக ஒரு மனிதனைக் கொன்றாள் என்று சொல்பவர்கள் லாரல் ஓடையில் இன்னும் இருக்கிறார்கள். அவளிடமே சொன்னவர்களும் உண்டு. அவள் மறுத்ததில்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

கார்லீனின் மகள் அந்தப் புதிய பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தாள். அந்தச் செய்தியைக் கார்லீன்தான் வந்து சொன்னாள், வாசலில் நின்றபடியே. ஒலீட்டா உள்ளே வரச் சொன்னாள். அன்று கார்லீன் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைக் காப்பி குடித்துவிட்டுப் போனாள்.